கணினியின் கடிவாளம் யார் கையில்?

குஜராத்தின் வாடிநாரில் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. நாடு முழுவதும் 6,000-க்கும் மேற்பட்ட பெட்ரோல் நிலையங்கள் அதன் பெயரில் இயங்குகின்றன. 2025 ஜூலை 22 அன்று அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. முழுக் கட்டணமும் செலுத்தி முறையாக உரிமம் பெற்ற சேவைகள் அவை என்றது நயாரா. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு நயாராவில் ஏறத்தாழ பாதிப் பங்கு இருப்பதால், சில நாட்களுக்கு முன்புதான் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்திருந்தது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி நடக்கும் ஒரு நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்து அந்தத் தடையால் நின்றுபோனது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு சூடுபிடிப்பதற்குள் சேவை திரும்பக் கிடைத்தது.

ஒரு வாரத்தில் முடிந்துபோன விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உயர் நீதிமன்றத்துக்கு மூத்த வழக்கறிஞர்களை அனுப்பும் வசதி நயாராவுக்கு இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, அரசுப் பள்ளிக்கோ, மாவட்டக் கூட்டுறவு வங்கிக்கோ இப்படி நேர்ந்தால் யாரிடம் போவது? தனியுரிம மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது நமக்குச் சொந்தமாவதில்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே கிடைக்கிறது. கொடுத்தவர் நினைத்தால் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

அரசியல் தடை எதுவும் இல்லாமலேயே, நாள் குறித்து அறிவித்தும் ஆதரவு திரும்பப் பெறப்படுகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சிலருக்குக் கொஞ்ச காலம் நீட்டிப்பு உண்டு. பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளில் பெரும்பாலானவை அந்த வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. இப்படி உலகம் முழுவதும் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொன்னது.

அந்தக் கணக்கில் நம் வீட்டுக் கணினிகளும் அடக்கம். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் சுமார் 50 லட்சம். அவற்றில் பழுதாகாமல் மிஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. ஆனால், லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தின் இலகுவான வடிவங்களான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ 4 ஜிபி நினைவகத்திலேயே ஓடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி பொருத்தினால், கல்லூரிப் பிள்ளைக்குக் கட்டுரை எழுதவும், இணையம் பார்க்கவும், பைத்தான் பழகவும் அது இன்னும் பல ஆண்டு தாராளமாக உழைக்கும்.

நிரலை எவரும் பார்த்து மாற்ற இடம்தரும் திறந்தமூல (கட்டற்ற) மென்பொருள் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் முன்வைக்கப்படுவது செலவு மிச்சம் என்ற வாதம்தான். நம் ஊரில் அது எடுபடாது. இங்கே விண்டோஸுக்கு யார் காசு கொடுத்தார்கள்? சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி சிற்றூர்க் கணினிக் கடை வரை, ‘ஓஎஸ் போட்டுத் தாங்க’ என்று கொடுத்தால், கிராக் செய்த விண்டோஸ், அதோடு கிராக் செய்த ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய் கூலிக்குப் போட்டுத் தருகிறார்கள். ஒரு தலைமுறை முழுவதும் அப்படித்தான் கணினி பழகியது. அந்தப் பழக்கத்தால் நட்டமடைந்தது மைக்ரோசாஃப்ட் அல்ல. காசு கொடுக்காமல் பழகிய கைகள்தான் பின்னாளில் அலுவலகங்களில் அதே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவைத்தன. ஆகவே, திறந்தமூல மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு முதன்மையான காரணம் பணம் அல்ல. கணினியில் என்ன ஓடுகிறது என்று பார்க்கவும், வேண்டியபடி மாற்றவும், எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளவும், எவரும் பறிக்க முடியாதபடி வைத்துக்கொள்ளவும் உள்ள உரிமையே காரணம். அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அந்த உரிமை கட்டாயம் வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயப்படுபவர்கள் வாளையாறு எல்லையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். கேரளத்தில் விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் பாடமும் பயிற்சியும் விண்டோஸைச் சுற்றியே இருந்தன. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அரசுப் பணத்தில், அரசுப் பள்ளியில், ஒரே ஒரு நிறுவனத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது என்ன நியாயம் என்று கேட்டனர். அரசு அந்தக் கேள்விக்குச் செவிசாய்த்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளம் தயாரானது. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கத் தொடங்கியது. பிற்பாடு அந்த இயங்குதளம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் அடிப்படைக்கு மாறி, இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2017-இல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. 2019-இல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இது பயன்படும் என்றும், இதனால் மிச்சமாகும் தொகை 3,000 கோடி ரூபாய் என்றும் கைட் அறிவித்தது.

அந்த 3,000 கோடியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்று போட்ட கணக்கு அது. எந்த அரசும் அவ்வளவு கொடுத்து வாங்கியிருக்காது. கேரளத்தின் உண்மையான சாதனை வேறு. பயிற்றுநர்களை அவர்கள் வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்தவில்லை. கணிதம், மொழி, சமூக அறிவியல் நடத்தும் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே மாஸ்டர் டிரெய்னர்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர், அவருக்குத் துணையாக மாணவர்கள். கணினி படுத்துவிட்டால் அவர்களே இயங்குதளத்தை மறுபடி நிறுவுவார்கள். கணித ஆசிரியர் ஜியோஜீப்ராவில் முக்கோணத்தை இழுத்துக் காட்டுவார். படம் வரைய ஜிம்ப். எழுத லிப்ரே ஆபீஸ். 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. ஒரு கணினியைத் திறந்து பார்க்கவும் பிரித்து அறியவும் உரிமை உண்டு என்ற எண்ணத்தோடு பல லட்சம் பிள்ளைகள் பள்ளியைக் கடந்திருக்கிறார்கள். அதற்கு விலை போட முடியாது.

கேரளம் எல்லா இடத்திலும் மாறிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகை உலுக்கியபோது, வயநாடு மாவட்டம் தரியோடு ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும் அதில் சிக்கின. அவை விண்டோஸ் கணினிகள்.

தமிழகத்தின் கதை வேறு மாதிரியானது. நமக்குத் தொடக்கமே அமையவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய அரசுக்கென உருவான ‘பாஸ்’ லினக்ஸ் எங்கிருந்தோ வந்ததல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. முதல் பதிப்பு வந்தது 2007-இல். அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், முதலில் தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். பிற துறைகளையும் பள்ளிகளையும் அந்தப் பாதைக்குத் திருப்பினார். தலைமையில் இருப்பவர் தன் மேசையில் முதலில் மாற்றிக்கொண்டால் கீழே எதிர்ப்பு எவ்வளவு குறையும் என்பதற்கு அது நல்ல சான்று. அவர் வேறு பொறுப்புக்குப் போனதும் வேகம் தணிந்தது. ஓர் அதிகாரியின் உறுதியை நம்பி நின்ற மாற்றம், அரசாணையிலும் தேர்விலும் பயிற்சியிலும் வேர்விடவில்லை. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி-யின் ஆதரவு முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. இன்று எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் திரையில் தெரிவது என்ன என்பதைப் படிப்பவர்களே அறிவார்கள்.

மடிக்கணினித் திட்டத்திலும் இதே கதைதான். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். எதற்காக அந்தப் பட்டியல், இரண்டாவதில் என்ன செய்யலாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வகுப்பில் ஒருவரும் இல்லை. பாஸில் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்றும் தரப்படவில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. கணினி கொஞ்சம் மெதுவானதும் கடைக்குப் போனது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவருக்குத் தெரிந்ததைப் போட்டுக் கொடுத்தார். லட்சக்கணக்கான வீடுகளின் வாசல் வரை லினக்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நம் அரசு. இவ்வளவு பெரிய வாய்ப்பை இவ்வளவு சுலபமாக நழுவவிட்டதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

வேடிக்கை பார்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. நம் பாடநூல்கள் இந்த விஷயத்தில் பின்தங்கியவை அல்ல. மேல்நிலை வகுப்பில் பல ஆண்டு ஸ்டார் ஆபீஸ் பாடமாக இருந்தது. 2018-இல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு இருக்கிறது; ஓப்பன் ஆபீஸ் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். நூலை எழுதிய ஆசிரியர்கள் சரியாகவே யோசித்திருக்கிறார்கள். பாடத்தில் படிக்கும் உபுண்டுவை மாணவன் ஆய்வகத்தில் தொட்டுப் பார்க்கிறானா என்று தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் கேட்க வேண்டும்.

அரசு அலுவலகங்களில் மாற்றம் நின்றுபோனதற்குச் சோம்பல், பழக்கம் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தமிழ் எழுத்துருக்கள் என்பது என் கருத்து. நம் அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தட்டச்சானவை பெரும்பாலும் வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த முறையில் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள்; அவ்வளவுதான். கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோய், அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், ‘பார்வை’ முதல் ‘பெறுநர்’ வரை ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்த கூளமாகக் கொட்டும். தேடினால் ஒரு சொல் கிடைக்காது. அகர வரிசைப்படுத்த முடியாது. லினக்ஸில் லிப்ரே ஆபீஸைத் திறந்து இந்தக் கூளத்தைப் பார்க்கும் தட்டச்சர், ‘இதில் தமிழே வராது சார்’ என்று மேலதிகாரியிடம் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணால் கண்டது அது.

ஆனால், குற்றம் லினக்ஸுடையது அல்ல. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், ஒருங்குறி எனப்படும் யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தமிழ்க் கணிமையின் தரமாக அரசே ஏற்றது. தன் ஆணையைத் தானே முழுமையாகக் கடைப்பிடித்திருந்தால், இன்று எந்தத் தமிழ்க் கோப்பும் எந்தக் கணினியிலும் திறக்கும். தட்டச்சு முறையும் தடையாக இருக்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியைச் சேர்த்தால், தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் கிடைக்கின்றன. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஹையர் தேறிய விரல்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டாம். எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. மலையாளத்துக்காக உழைத்துவரும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்கென்றே ‘மீரா இனிமை’ என்ற அழகான கட்டற்ற எழுத்துருவைச் செய்து தந்திருக்கிறார்கள். நமக்கு நாமே செய்திருக்க வேண்டியதை அண்டை வீட்டார் அன்பளிப்பாகத் தந்தார்கள். இங்கும் உழைப்பவர்கள் இல்லாமல் இல்லை. 2012 முதல் இயங்கும் ‘கணியம்’ இதழும், அதை ஒட்டி வந்த எளிய தமிழ்க் கணினி நூல்களும் தன்னார்வலர்கள் ஊதியம் இன்றிக் கொடுத்தவை. கேடிஇ போன்ற பணிச்சூழல்களைத் தமிழாக்கியதும் அப்படிப்பட்டவர்கள்தான். அரசு மட்டும் கை கொடுக்கவில்லை.

இப்போதைக்கு மாற முடியாத இடங்களும் இருக்கின்றன. டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரர், கோரல்டிராவில் அழைப்பிதழ் போடும் அச்சகத்தார், ஆட்டோகேடில் வரைபடம் போடும் பொறியாளர் ஆகியோரை இன்றைக்கே லினக்ஸுக்கு வாருங்கள் என்று அழைப்பது அநியாயம். பழைய பிரின்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பச் சாதனம் சிலவற்றுக்கு டிரைவர் மென்பொருள் கிடைக்காமல் திண்டாடுவதும் உண்மை. ஆனால், அரசு தன் கொள்முதலில் ‘லினக்ஸிலும் இயங்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால், விற்பவர்கள் அடுத்த முறை தாமாகவே கொண்டுவருவார்கள். கடைக்காரருக்கு அந்தப் பேர வலிமை கிடையாது, அரசுக்கு உண்டு.

எந்த வரிசையில் மாறுவது என்பதை பிரான்ஸின் ஜாந்தார்மரி காவல் படையிடம் கற்கலாம். அவர்கள் எடுத்த எடுப்பில் விண்டோஸைத் தூக்கிப் போடவில்லை. 2005-இல் விண்டோஸின் மேலேயே ஓப்பன் ஆபீஸுக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டு உலாவிக்கு ஃபயர்பாக்ஸ், அஞ்சலுக்கு தண்டர்பேர்ட். அன்றாடம் கைபடும் மென்பொருள்கள் எல்லாம் பழகிய பின், 2008-இல்தான் உபுண்டுவுக்கு மாற முடிவெடுத்தார்கள். ஊழியர்களுக்கு அடியில் இருந்த இயங்குதளம் மட்டும் மாறியது. இன்று அந்தப் படையின் பெரும்பான்மைக் கணினிகள் அவர்களே தகவமைத்த உபுண்டுவில் ஓடுகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் இதே வழியில் போகிறது. சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்து, 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் கணக்குகளை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து வெளியே எடுத்து முடித்தது.

அதே ஜெர்மனியின் மியூனிக் நகரம் ஓர் எச்சரிக்கை. 2003-இல் மாநகர மன்றம் லினக்ஸுக்கு மாற முடிவுசெய்தது. மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் விடுமுறையை இடையில் நிறுத்தி மேயரை நேரில் பார்த்துப் பேசியும் மன்றம் அசையவில்லை. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. ஆட்சித் தலைமை மாறியதும் பேச்சு மாறியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் வாக்களித்தது. தொழில்நுட்பத்தில் ஜெயித்த மாற்றத்தை அரசியல் விருப்பம் தளர்ந்ததும் காப்பாற்ற முடியவில்லை. எல்காட்டின் அனுபவத்தோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது வேறொரு காற்று வீசுகிறது. மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சல் கணக்குகள் சோஹோ நிறுவனத்தின் சேவைக்கு மாறியிருக்கின்றன. கல்வி அமைச்சகம் சோஹோவின் அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் வளர்ச்சியில் தமிழர்களுக்குப் பெருமை இருப்பது நியாயம். வெளிநாட்டுத் தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதும் ஓர் ஆதாயம். ஆனால், சோஹோவும் தனியுரிம மென்பொருளே. அதன் நிரலை நாம் பார்க்க முடியாது. வேறொருவரிடம் கொடுத்துப் பராமரிக்க முடியாது. நிறுவனம் கைமாறினாலோ விலை உயர்ந்தாலோ பழையபடி அதே இடத்தில் நிற்போம். சுதேசி என்பதாலேயே சுதந்திரம் கிடைத்துவிடாது. அரசுத் துறைகள் திறந்தமூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு வகுத்த கொள்கை இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. அதை எடுத்துத் தூசு தட்டினால் போதும்.

தமிழக அரசு செய்ய வேண்டியவை கைக்கெட்டாத தூரத்தில் இல்லை. புதிதாக உருவாகும் ஒவ்வொரு கோப்பும் ஒருங்குறியில் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தி, பழைய கோப்புகளை மாற்றித் தரும் பணியைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளி ஆய்வகங்களில் கணினிச் செய்முறைத் தேர்வை லினக்ஸில் நடத்துவதாக அறிவித்துவிட்டு, இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து ஆசிரியர்களைத் தயார்செய்ய வேண்டும். பயிற்சிக்குக் கேரளத்தின் கைட் நிறுவனத்தை அழைத்தால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. அலுவலகங்களில் லிப்ரே ஆபீஸிலிருந்து தொடங்க வேண்டும். இயங்குதளம் பிறகு வரட்டும். எல்காட் அடுத்து விடும் ஒவ்வொரு கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியிலும், வாங்கும் கணினியும் கருவியும் மென்பொருளும் லினக்ஸில் இயங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். தகவல் தொழில்நுட்பத் துறை ஓர் அரசாணை பிறப்பித்தால் போதும். அதை இந்த நிதியாண்டுக்குள் பிறப்பிக்க வேண்டும்.